பதினோரு கட்டுத் துணியை நான் ஏன் வெட்டவில்லை

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்து, என் பேச்சு நீண்டுவிடுமோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போட்டாலும் வட்டமாகவே போடும் கணக்கு வாத்தியார் அவர்களே! அள்ளிக் கொடுத்தே அலுக்காத அன்னையரே! மூட்டை சுமந்து முதுகு ஒடிந்தும் முகம் சுளிக்காத தந்தையரே! முன்வரிசையில் அமர்ந்து, "வீட்டுக்கு வாருங்கள், பேசிக்கொள்வோம்" என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருக்கும் என் மனைவியே! வாரத்துக்கு இருமுறை கால்சட்டை முட்டியைக் கிழித்துக்கொண்டு வந்து, என் வீட்டு அடுப்பை அணையாமல் காக்கும் அருமைச் செல்வங்களே! உங்கள் எல்லோரின் பாதங்களுக்கும் வணக்கம் என்று சொல்லுவதுதான் வழக்கம். நான் அளவெடுக்கிறவன், பாதம் எனக்குத் தெரியாது. உங்கள் தோள்களுக்கு என் வணக்கம்.

அறிவிப்புப் பலகையில், "கட்டிங் மாஸ்டர் உரையாற்றுவார்" என்று எழுதிப் போட்டிருக்கிறீர்கள். இருபத்தாறு ஆண்டுகளாக இந்தப் பள்ளியின் சீருடையை வெட்டுகிறவன், தைக்கிறவன் நான். அந்தப் பட்டத்தைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். அதற்கு முன்னால் இந்த ஐந்து நாளாக இந்த வளாகத்தில் உலவுகிற ஒரு பேச்சுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

என்ன பேச்சு? எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? "டெய்லர் துணிய வாங்கி வச்சுக்கிட்டு வெட்டவே மாட்டேங்கறாரு!" அதுதானே? "பதினோரு கட்டு அப்படியே கிடக்கு, மனுஷன் பக்கத்துல நாற்காலி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு!" அதுதானே? கடைசி வரிசையில் தலையைக் குனிகிற பஸ் ஓட்டுநரே, நீங்கள் சொன்னது கொஞ்சம் கூடுதலாகவே என் காதுக்கு வந்தது. "மனுஷனுக்கு மறை கழண்டுடுச்சு" என்றீர்களாம். பரவாயில்லை. பாதி உண்மை.

ஏன் வெட்டவில்லை? சொல்லத்தான் வந்தேன்.

கடலோரத்தில் புயல் அடித்த செய்தி வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். இந்த மண்டபத்தில்தான் கூடினோம். கூரை பறந்த தெருக்களைப் படத்தில் பார்த்தோம். கரையைத் தாண்டி வந்து வகுப்பறைக்குள் கிடந்த படகைப் பார்த்தோம். பார்த்துவிட்டு என்ன செய்தோம்? நல்ல மனத்தோடு ஒரு நகைச்சுவை செய்தோம். வீட்டுக்கு வீடு பழைய துணி கொண்டுவந்து குவித்தோம்! அந்தக் குவியலைப் பிரித்தவன் நான். குதிகால் உயர்ந்த செருப்பு, ஒற்றைக் கால் மட்டும். ஜன்னல் திரை, வளையத்தோடு. நடன விழாவுக்குத் தைத்த மயில் உடை, இறகோடு! கூரை இல்லாத வீட்டில் மயில் உடை அணிந்து யார் ஆட? சிரிக்கிறீர்களே, கொடுத்தவர் இங்கேதான் இருக்கிறார்.

அப்போது அம்மையார் எழுந்து ஒன்று சொன்னார். "அவங்க புள்ளைங்க திரும்பப் பள்ளிக்கூடம் போகணும். அதுக்கு என்ன வேணுமோ அதக் கொடுப்போம்." சீருடை என்று முடிவாயிற்று. எந்த ஊருக்கு என்ற கேள்வி வந்தது. புயல் தொட்ட ஊர்கள் பதினான்கு. எதைத் தேர்வது, எப்படித் தேர்வது என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒருவன் மட்டும் கையை உயர்த்தி, நாற்காலி விழும்படி எழுந்து, ஒரே ஒரு ஊரின் பெயரைச் சொன்னான். நினைவிருக்கிறதா? அந்த ஒருவன் நான். "அங்கதான் பள்ளிக்கூடம் ரொம்ப மோசமா இடிஞ்சிருக்காம்" என்று காரணமும் சொன்னேன். இடிந்தது உண்மை. காரணம் அது அல்ல. அதை இன்று இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன்: அந்த ஊரில் என் தங்கை இருக்கிறாள். ஒன்பது ஆண்டுகளாக நான் பேசாத தங்கை.

இருக்கிறாள் என்று இப்போது சொல்லிவிட்டேன். அன்று அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருக்கிறாளா என்பதே தெரியாது. அவளுடைய தொலைபேசி எண் என்னிடம் கிடையாது. எந்த அண்ணனிடமாவது தங்கையின் எண் இல்லாமல் இருக்குமா? என்னிடம் இல்லை. இறந்தவர் பட்டியலைப் பார்த்தேன், இல்லை. முகாமில் இருப்பவர் பட்டியலைப் பார்த்தேன்; அதிலும் இல்லை. இரண்டிலும் இல்லாதவள் எங்கே? இந்தக் கேள்வியை வயிற்றில் கட்டிக்கொண்டுதான், உங்களோடு சேர்ந்து இந்த மண்டபத்தில் நூற்று நாற்பது சட்டை தைத்தேன்.

ஆகா, அந்த மூன்று நாளை மறக்க முடியுமா! மேசைகளைச் சேர்த்துப் போட்டோம். வெட்டுவது நான். தோள் சேர்ப்பது அன்னையர் ஆறு பேர். கணக்கு வாத்தியார் பட்டன் எண்ணினார்; எண்ணியதோடு நிற்காமல் தைக்கவும் தைத்தார்; விரலில் நான்கு இடம் குத்திக்கொண்டார். அதன் பிறகு பாக்கெட் வைக்க நானே உட்கார்ந்தேன். அங்கேதான் பிசகியது.

இருபத்தாறு ஆண்டாக என் கை ஒரு வேலையைச் செய்கிறது. பாக்கெட்டை எடு, இடப்பக்கப் பெட்டியிலிருந்து நம் பள்ளியின் சின்னத்தை எடு, வைத்துத் தை. பெட்டி வழக்கம்போல் இடப்பக்கம் இருந்தது. கையும் வழக்கம்போல் போனது. நூற்று நாற்பது சட்டையிலும் நம் பள்ளிச் சின்னம்! திறந்த புத்தகமும் சாவியும் பளபளவென்று! நான் கவனிக்கவில்லை, சரி. இஸ்திரி போட்ட தாய்மார்கள் கவனித்தீர்களா? மடித்து அடுக்கிய தந்தையர் கவனித்தீர்களா? ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து "அருமை" என்ற அம்மையார் கவனித்தீர்களா? யாருமே கவனிக்கவில்லை! சட்டை என்றால் நம் சின்னம் இருக்கும் என்று நம் கண்களே நம்பிவிட்டன. வீடு இழந்த பிள்ளைகளுக்கு நம் பெயரை மார்பில் குத்தி அனுப்பினோம். தெரிந்து செய்திருந்தால் அது திமிர். தெரியாமல் செய்தோம், அதனால் அசட்டுத்தனம்.

சட்டைகளை அனுப்பிய பன்னிரண்டாம் நாள் அந்த ஊரிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுமுன் என் தங்கையைப் பற்றிப் பேச வேண்டும். அம்மையாரே, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

எங்கள் கடை சின்னக் கடை. வாசலில் கட்டிங் மேசை. உள்ளே இரண்டு மிஷின். நான் வெட்டுவேன். அவள் பட்டன் துளைக்குக் காஜா எடுப்பாள், பட்டன் வைப்பாள், பிசகிய தையலைப் பிரிப்பாள். பிரிப்பதில் அவளைப் போல் ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அடிப்பக்க நூலை நான்கு தையலுக்கு ஒன்றாக வெட்டிவிட்டு, மேல் நூலை ஒரே இழையாக உருவிவிடுவாள். துணியில் ஒரு கீறல் இராது. உருவிய நூலை எறியவும் மாட்டாள். ஓர் அட்டையில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, "ஓட்டுத் தையலுக்கு ஆகும்" என்று வைத்துக்கொள்வாள்.

அளவெடுப்பாள் பாருங்கள், அது இன்னொரு கூத்து! வளர்கிற பிள்ளைக்குத் துணி உள்மடிப்பில் ஒரு விரல் கூட்டி வைப்பது எல்லாத் தையற்காரர்களுக்கும் உள்ள வழக்கம். இவள் மட்டும் இரண்டு விரல் எழுதுவாள். "ஏண்டி, துணி என்ன மரத்துல காய்க்குதா?" என்று கத்துவேன். "போண்ணா, புள்ளைங்க வளரக் கூடாதுன்னா சோறு போடறாங்க?" என்பாள். கடையில் நிற்கிறவர்கள் எல்லோரும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டு சிரிப்பார்கள்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஒரே ஓர் ஆசை. வெட்ட வேண்டும். பழைய செய்தித்தாளை விரித்து வைத்து வெட்டிப் பழகுவாள். அந்தத் தாளில், தோளோடு கை சேரும் கைக்குழி வளைவைப் பார்த்துவிட்டு நான் பேசாமல் போயிருக்கிறேன். என் வளைவைவிட நன்றாக இருந்தது.

"அண்ணா, ஒரே ஒரு சட்டை. கெட்டுப்போனா என் தலையில கட்டு."

"கட்டிங் மேசையில பொம்பள நின்னா, வர்ற ஆம்பள படியேறாமத் திரும்பிடுவான். நீ காஜா எடு, அது போதும்."

இதைச் சொன்ன வாய் இந்த வாய். ஒருமுறை அல்ல, ஆறு ஆண்டுகள் சொன்னேன். ஒருநாள் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நான் கிளம்பறேன் அண்ணா. கடலோரத்துல ஒரு பள்ளிக்கூடத்துப் பக்கத்துல சின்ன இடம் கிடைச்சிருக்கு. நானே வெட்டி நானே தைக்கப்போறேன்." நான் நிமிரவில்லை. மிஷின் மிதியிலிருந்து காலையும் எடுக்கவில்லை. அவள் படியிறங்கிய சத்தம் கேட்டது. துணி முடிந்து போனது தெரியாமல் வெறும் ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தேன். கடை திறந்ததும் முகவரி எழுதி ஓர் அட்டை அனுப்பினாள். நான் போகவில்லை. பதிலும் போடவில்லை. வீம்பு! வேறென்ன பெயர் வைப்பது அதற்கு?

ஒன்பது ஆண்டுகளாக எங்கள் கடையில் காஜா எடுக்க எத்தனையோ பேர் வந்தார்கள். ஒவ்வொரு காஜாவையும் கையில் எடுக்கும்போது அவள் ஞாபகம் வரும். நல்லதாக இருந்தாலும் வரும். கோணலாக இருந்தாலும் வரும். சொல்ல ஆள் இல்லாமல் என் மனைவியிடம், "அவ இருந்தா..." என்று ஆரம்பிப்பேன். அவள், "போய்க் கூப்பிடுங்களேன்" என்பாள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். இத்தனை ஏக்கத்தையும் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரப் பஸ் பயணம் போகத் தெரியாதவன், இதோ உங்கள் முன் மைக் பிடித்து நிற்கிறான்.

இப்போது பெட்டிக்கு வருவோம்.

அம்மையாரின் அறையில் திறந்தோம். அம்மையார், கணக்கு வாத்தியார், நான், சாப்பாடு கொடுக்க வந்த என் மனைவி. மேலே ஒரு கடிதம். அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் எழுதியது. "நீங்கள் அனுப்பிய சட்டைகள் கிடைத்தன, பிள்ளைகள் மகிழ்ந்தார்கள், நன்றி. எங்கள் பள்ளியின் சுவர் போய்விட்டது, பெயராவது இருக்கட்டும் என்று விரும்புகிறோம். ஆகவே உங்கள் சின்னங்களைச் சேதமின்றிப் பிரித்துத் திருப்பி அனுப்பியுள்ளோம். இன்னும் சட்டை கிடைக்காத பிள்ளைகள் இருநூற்றுப் பதினான்கு பேர். தம் கடையைக் கடலுக்கு இழந்த எங்கள் ஊர்த் தையற்கலைஞர் எடுத்த அளவுகளை இணைத்துள்ளோம்." எவ்வளவு மரியாதையாக நம் காதைத் திருகியிருக்கிறார், பார்த்தீர்களா! அம்மையாரின் முகம் சிவந்துவிட்டது.

அடியில் நூற்று நாற்பது சின்னங்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கீறல் இல்லை. இன்னொன்று, அதிலும் இல்லை. அவற்றுக்கும் அடியில் ஓர் அட்டை கிடந்தது. அட்டையில் நூல். ஒரே இழையாக உருவிய நூல், குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருந்தது.

 ஆசைப்படவும் பயமாக இருந்தது. இப்படிப் பிரிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருத்திதானா, வேறு யாராவது இருக்கக் கூடாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அளவுப் பட்டியலை எடுத்தேன். யாரோ ஆசிரியர் அச்சுப்போலப் படியெடுத்த பட்டியல். எழுத்தில் அடையாளம் இல்லை. முதல் பிள்ளை: தோள், மார்பு, கை, உயரம். பக்கத்தில், இரண்டு விரல் கூட்டு. அடுத்த பிள்ளை: இரண்டு விரல் கூட்டு. அதற்கடுத்த பிள்ளை: இரண்டு விரல் கூட்டு. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எல்லாவற்றிலும் இரண்டு விரல்!

கணக்கு வாத்தியார் கூட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு அதிகமா வருதே" என்றார். "இருநூத்திப் பதினாலுன்னு எழுதியிருக்காங்க. இங்க இருநூத்திப் பதினஞ்சு இருக்கு."

கடைசி வரியைப் பார்த்தோம். அதற்கு வகுப்பும் இல்லை, பெயரும் இல்லை. கழுத்து பதினைந்தரை. மார்பு முப்பத்தெட்டு. "இது எந்தப் புள்ள, மார்பு முப்பத்தெட்டு?" என்று நான் சிரித்தேன். "விளையாட்டு வாத்தியாரா இருக்கும்" என்றார் கணக்கு வாத்தியார். நான் மேலே படித்தேன். இடத் தோள் அரை அங்குலம் இறக்கம். வயிற்றுக்கு நான்கு விரல் கூட்டு.

என் மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "ஏங்க, இது உங்க அளவுங்க," என்றாள்.

அவையோரே! என் இடத் தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கும். சட்டை போட்டால் தெரியாது. டேப் வைத்தால்தான் தெரியும். அதை அறிந்தவர் இந்த உலகத்தில் இருவர்தான். ஒருத்தி முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்தி உயிரோடு இருக்கிறாள்! என் தங்கை உயிரோடு இருக்கிறாள்! சின்னத்தின் மூலையில் நான் மூன்று முறை முன்னும் பின்னுமாகத் தைக்கிற அந்த முரட்டுத் தையலைப் பார்த்து, "இது அண்ணன் கை" என்று கண்டுகொண்டிருக்கிறாள். சின்னம் வைக்காமல் அனுப்பியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்குமா? ஒன்பது ஆண்டாக நான் எழுதாத கடிதத்தை என் அசட்டுத்தனம் எழுதிப் போட்டிருக்கிறது. அவளும் பதில் போட்டுவிட்டாள். வயிற்றுக்கு நான்கு விரலாம்! ஒன்பது ஆண்டில் நான் எவ்வளவு பெருத்திருப்பேன் என்று அங்கிருந்தே அளந்துவிட்டாள், கழுதை!

அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தேன். "அண்ணா" என்று ஓர் இடத்தில், ஒரே ஓர் இடத்தில் எழுதியிருக்க மாட்டாளா என்று பார்த்தேன். அட்டையிலும் பார்த்தேன், பெட்டியின் மூடியிலும் பார்த்தேன். இல்லை. அவள் ஏன் எழுத வேண்டும்? அந்தச் சொல்லைக் கேட்கத்தான் இன்று நான் தவிக்கிறேன்.

அன்னையரே, தந்தையரே, என் கதை கிடக்கட்டும். அந்த இரண்டு விரலை நினைத்துப் பாருங்கள். கூரை இல்லாத ஊர்! கதவு இல்லாத வீடு! கரும்பலகை இல்லாத பள்ளி! அங்கே ஒருத்தி, தன் கடையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, கையில் ஒரு டேப்போடு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறாள். என்ன கேட்கிறாள்? இன்றைய அளவுக்குக் கொடு என்றா கேட்கிறாள்? இரண்டு விரல் கூட்டிக் கொடு என்கிறாள்! எதற்கு? அடுத்த ஆண்டுக்கு! அடுத்த ஆண்டு வரும் என்று யார் சொன்னார் அவளுக்கு? காற்று சொன்னதா? கடல் சொன்னதா? யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் வளர்வார்கள் என்று அவளே சொல்லிக்கொண்டாள். அந்த இரண்டு விரல் துணியைக் கொடுக்கத்தான் நாம் இருக்கிறோம்.

அந்தப் பிள்ளைகளுக்கான துணி வந்தது. பதினோரு கட்டு. மேசையில் விரித்தேன். சாக்பீஸ் எடுத்தேன். கத்தரிக்கோலைத் திறந்தேன். முடியவில்லை. இந்தத் துணியை நான் வெட்டினால், ஒன்பது ஆண்டுக்கு முன்னால் சொன்னதையே இன்னொரு முறை சொன்னது ஆகாதா? "நீ அளவெடு, அது போதும், வெட்டுறது நான்" என்று ஆகாதா? ஐந்து நாளும் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைத்தான் யோசித்தேன்.

என்ன சொன்னீர்கள், பின்னால்? "அப்ப யாருதான் வெட்டறது?" என்றா? நல்ல கேள்வி, பஸ் ஓட்டுநரே! உங்கள் வாய்க்கு இன்று சர்க்கரை போட வேண்டும். அவள் வெட்டுவாள்! பதினோரு கட்டையும் வெட்டாமல் அப்படியே கொண்டுபோகிறோம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பள்ளிப் பேருந்து புறப்படுகிறது. ஓட்டப்போவது நீங்கள்தான். அம்மையாரிடம் நேற்றே அனுமதி வாங்கிவிட்டேன். உங்களிடம் சொல்லத்தான் மறந்துவிட்டேன்.

அங்கே இன்னும் மின்சாரம் வரவில்லை. ஆகவே காலால் மிதிக்கிற மிஷின் வேண்டும். யாரிடமும் இல்லை என்று சொல்லாதீர்கள். வீட்டு மூலையில் துணி போட்டு மூடி, மேலே பூச்சாடி வைத்திருக்கிறீர்களே, அதுதான்! பூச்சாடியை இறக்குங்கள், மிஷினை ஏற்றுங்கள். தோள் சேர்த்த அந்த ஆறு அன்னையரும் வாருங்கள். கணக்கு வாத்தியாரே, நீங்களும் வரவேண்டும். விரலுக்கு உறை நான் தருகிறேன். நாம் தைத்து அனுப்பியது போதும். அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் வெட்டிக் கொடுப்பதைத் தைப்போம். அவர்கள் சின்னத்தை அவர்கள் மார்பில் வைப்போம். என் இடப்பக்கப் பெட்டியை வீட்டில் பூட்டிவிட்டுத்தான் வருவேன், சத்தியம்!

இவ்வளவு பேசுகிறேனே, அவளிடம் பேச எனக்கு ஒரு வார்த்தை இன்னும் கிடைக்கவில்லை. பேருந்து நின்றதும் இறங்கி, அவள் முன்னால் போய் இடத் தோளைக் காட்டிக்கொண்டு நிற்கப்போகிறேன். திட்டினால் திட்டட்டும். திரும்பிக்கொண்டால் திரும்பிக்கொள்ளட்டும். டேப்பை எடுத்தாளானால், அந்த இறக்கத்தை அவளே இன்னொரு முறை அளந்துகொள்ளட்டும்.

முடித்துவிட்டேன், அம்மையாரே. பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், நடுவில் அழாமல் இருந்த குழந்தைகளுக்கும், நான் அழுதபோது வேறு பக்கம் பார்த்த நண்பர்களுக்கும் என் நன்றி. அறிவிப்புப் பலகையில் ஒரு திருத்தம் மட்டும் செய்துவிடுங்கள். கட்டிங் மாஸ்டர் கடலோரத்தில் இருக்கிறாள். சனிக்கிழமை முதல் அவளிடம் காஜா எடுக்கப்போகிறவன், உங்களுக்கு வணக்கம் சொல்லி இறங்குகிறேன்.